குருளை முதல் முதுமை வரை: தொண்டை நாட்டில் நாய் வாழ்ந்த வரலாறு

தமிழகத்தில் நாய் பெற்ற இடத்தை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் நடுகல்லிலிருந்தே தொடங்குவர். பூசலில் துணைநின்ற நாயைக் கல்லில் செதுக்கிய பெருமை எளிதில் கண்ணில் படுவது. ஆகவே அதில் பிழையில்லை. ஆயினும் நாயின் வாழ்வு பூசலில் தொடங்குவதன்று. கண் திறவாத குட்டியாகப் பிறந்து, மனையோடு பழகி, பணி செய்து, மூத்துத் தளர்ந்து முடியும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதற்கு உண்டு. அவ்வாண்டுகளுள் எவற்றை நம் மரபு பதிந்து வைத்தது, எவற்றை விட்டுவிட்டது என்பது ஆராயத்தக்கது. மாடம்பாக்கத்தை நடுவாகக் கொண்டு தொண்டை நாட்டையும் அதனை அடுத்துள்ள நிலங்களையும் நோக்கினால் இதற்குரிய சான்றுகள் எதிர்பார்ப்பதினும் மிகுதியாகவே கிடைக்கின்றன.

முதற்சான்று ஒரு சமையற்கூடத்தில் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தை நெருங்கும் இடத்தில் பழைய ஓய்மா நாட்டுக்குள் நுழைகிறது. அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய நல்லூர் நத்தத்தனார், அவனிடம் பரிசில் பெற்று மீண்ட பாணனின் முன்னைய வறுமையைச் சிறுபாணாற்றுப்படையில் காட்டுகிறார். சுவரைச் சிதல் அரித்திருக்கிறது, காளான் பூத்திருக்கிறது. அந்த அடுப்படியில் அண்மையில் ஈன்ற நாய் ஒன்று கிடக்கிறது. கண் திறவாத, செவி மடிந்த குருளைகள் பாலற்ற முலையைப் பற்றி இழுக்க, அந்நோவைப் பொறுக்க இயலாமல் தாய் குரைக்கிறது. வறுமையின் எல்லையைக் காட்டவே புலவர் இதனைச் சொன்னார் என்று உரை கூறி நாம் கடந்துவிடுகிறோம். நாயின் வரலாற்றை நாடுவோர் சற்று நின்று நோக்குதல் வேண்டும். குருளையின் கண் பிறந்து ஏறத்தாழ இரண்டு கிழமைக்குப் பின்னரே திறக்கும். செவித்துளை திறப்பது அதற்கும் சில நாள் கழித்து. ஆகவே புலவர் காட்டுவது பிறந்து சில நாளே ஆன குட்டிகள். அவை பிறந்த இடமும் கருதத்தக்கது. தெருமுனையன்று, வைக்கோற்போர் மறைவன்று, வீட்டின் அடுப்படி. உண்ண ஏதுமற்ற குடும்பம்கூட ஈன்ற நாயை வெளியே துரத்தவில்லை.

குருளை என்னும் சொல்லே தொல்காப்பியர் வகுத்துத் தந்தது. மரபியல் இளமைப் பெயர்களை அடுக்கும்போது நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்னும் பெயரை உரிமையாக்குகிறது. குட்டி, பறழ் என்பனவும் அவற்றுக்கு ஆகும் என்று விலக்கின்றி ஏற்கிறது. பெண்நாய்க்குப் பிணவு என்றும் பாட்டி என்றும் பெயர் கூறுகிறது. இன்று பாட்டி என்றால் மூத்த பெண்ணையே எண்ணுகிறோம். மரபியலில் அச்சொல் நாய்க்கும் பன்றிக்கும் உரிய பெண்பாற்பெயர். முதுமைக் குறிப்பு அதில் இல்லை. இளமைக்கு மூன்று பெயரும் பெண்மைக்கு இரண்டு பெயரும் தந்த இலக்கணம், மூத்த நாய்க்கென ஒரு பெயரும் தரவில்லை. இலக்கியமும் பெரும்பாலும் அவ்வழியே நடந்தது.

கச்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டு நாயை நிலத்துக்கு நிலம் வேறாகக் காட்டுகிறது. எயினர் நாயோடு புதர் கலைத்து, வேலியில் வலை மாட்டி, முயலை வளைத்துப் பிடிக்கின்றனர். வழியில் தங்கும் பாணனுக்கு நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல் விருந்தாகிறது. அந்தணர் மனைகளிலோ கோழியும் நாயும் அணுகுவதில்லை என்று அதே பாட்டு கூறுகிறது. ஒரே நாட்டில், ஒரே நாள் நடைத் தொலைவில், ஒரு குடியில் உணவு தேடித் தரும் கூட்டாளி. மற்றொரு குடியில் முற்றத்துக்கும் ஆகாத உயிர். இவ்விரட்டை நிலை இன்றுவரை தீரவில்லை. இதே புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில், புகாரின் பண்டசாலை முற்றத்தில் ஆண்நாய்கள் ஆட்டுக்கடாக்களோடு துள்ளித் திரிவதையும் காட்டியுள்ளார். புலிப்பொறி இட்ட மூட்டைகளுக்கிடையே விளையாடும் அந்நாய்கள் காவல் நாய்களாகவே இருந்திருக்கக்கூடும்.

இனி நடுகல்லுக்கு வரலாம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள கல், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக்குரியது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமை மந்தையைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டான். அவனுருவின் பின்னே நாய் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது; அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து கூறுகிறது. வீரனின் பெயரைக் கல்லில் வெட்டுவது வழக்கம். நாயின் பெயரையும் வெட்டியோர் அதனை மந்தையின் ஓர் உறுப்பாகக் கொள்ளவில்லை. குடியின் ஓர் ஆளாகக் கொண்டனர் என்றே கருதவேண்டும். பெயர் என்பது அழைத்தால் திரும்பும் உயிருக்கே இடப்படுவது. அழைத்தால் திரும்பும்படி அதனை யாரோ ஒருவர் குருளைப் பருவத்தில் பழக்கியிருக்கிறார். அவர் பெயர் கல்லில் இல்லை.

மற்றொரு கல் தமிழகத்துக்கு வெளியே நடப்பட்டது. ஆனால் அதன் கதை தொண்டை நாட்டில் தொடங்குகிறது. அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் 949-இல் நிகழ்ந்த போரில் முதற்பராந்தகனின் மைந்தன் இராசாதித்தன் யானைமேல் இருந்தவாறே மாண்டான் என்பது சோழர் வரலாறு கற்றோர் அனைவரும் அறிந்தது. வென்றவன் இராட்டிரகூட மூன்றாம் கிருட்டிணன். அவன் பக்கம் நின்று இராசாதித்தனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன். இச்செய்தியைத் தரும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றான ஆதகூர்க் கல்வெட்டு, உண்மையில் ஒரு நாய்க்காக நடப்பட்ட கல்லின் எழுத்தாகும். பூதுகனின் வீரன் மணலேரன் தன் வீரத்துக்குப் பரிசாக எதனையும் கேட்கலாம் என்ற நிலையில் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் பின்னர்க் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. மணலேரன் கல் நட்டு, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். சோழப் பேரரசின் வளர்ச்சியை அரை நூற்றாண்டுக்குப் பின்தள்ளிய போரின் செய்தி, நாயை இழந்த ஒருவனின் துயரத்தின் ஓரத்தில் எழுதப்பட்டு நம்மை வந்தடைந்திருக்கிறது. இவ்வளவு வரலாற்றுப் பயன் தந்த நாய் தென்னாட்டில் வேறொன்று உண்டா என்பது ஐயமே. அக்கல் இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பக்திக் காலத்தில் சொல் மாறுகிறது. மாணிக்கவாசகர் தம்மை நாயேன் என்று தாழ்த்திக்கொண்டார். பின்வந்தோர் அச்சொல்லை வாய்பாடாக்கினர். அடியாரின் பணிவுக்கு உவமையான உயிர் அதனாலேயே இழிவின் குறியாகவும் ஆயிற்று. எனினும் சேக்கிழார் கண்ணப்பர் வரலாற்றில் வேட்டை நாய்களை விட்டுவிடவில்லை. அவர் பிறந்த குன்றத்தூர் மாடம்பாக்கத்துக்கு நெடுந்தொலைவன்று. மாடம்பாக்கத்திலேயே சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயில் தூங்கானை மாட அமைப்பில் நிற்கிறது. கபிலர் பசுவாகப் பிறந்து வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் அவ்வூரில் பசுவுக்குப் பெயரும் புராணமும் உண்டு. வயிரவரின் ஊர்தியாகச் சிவன்கோயில்களில் கிடைத்த ஓரிடமே நாய்க்கு உரியதாயிற்று.

ஆங்கிலேயர் ஆண்ட சென்னையில் நாய்கள் இரு கூறாகப் பிரிந்தன. மாளிகை நாய்களுக்கு இனமும் காட்சிப் போட்டியும் வந்தன. தெருநாய்களுக்குப் பிடிவண்டியும் கொலைக்கூடமும் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய கொலை, பின்னர் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லும் முறையாகி, இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நீடித்தது. இதற்கு வெறிநாய்க்கடி அச்சமே பெருங்காரணம், அவ்வச்சம் பொய்யன்று. 1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர் தடுப்பூசியைக் கையாண்ட பின்னரும் தென்னாட்டார் அதனைப் பெற நெடும்பயணம் செய்யவேண்டியிருந்தது. 1902-இல் லில்லி பாக்கன்காம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண்மணி இந்நோயால் இறந்த பின்னரே தெற்கில் ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அமெரிக்கச் செல்வர் என்றி பிப்சு அளித்த கொடையும் சேர 1907-இல் குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் எழுந்தது. செம்மறியாட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்தை வயிற்றில் பதினான்கு ஊசியாகப் போட்டுக்கொண்டோர் நம்மிடையே இன்றும் உள்ளனர். அம்மருந்து 2004 இறுதியோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்றைய ஊசி தோள்பட்டையில் சில தவணைகளே. கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுவது மட்டும் மாறாத முதற்கடமை.

நாய்க்கு மருத்துவம் என்னும் எண்ணம் வளர்ந்ததும் இந்நகரில்தான். 1903-இல் வேப்பேரியில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, உழவுக்கும் படைக்கும் வேண்டிய மாடு, குதிரைகளையே முதலில் கருதியது. நாய் பின்னரே அதன் வாயிலில் நுழைந்தது. உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா என்னும் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் 1944-இல் சென்னையிலிருந்தே பதிவாயிற்று. 1978-இல் உலகெங்கும் திடீரெனத் தோன்றிக் குட்டிகளைக் குருதிக் கழிச்சலால் அழித்த பார்வோ நோயைப் பற்றிய நம் நாட்டு முதல் அறிக்கைகளும் 1980-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்தே வந்தன. தென்புறநகரில் குட்டி வளர்ப்போர் இன்று அஞ்சவேண்டிய நோய்களுள் இவ்விரண்டும் முன்னிற்பன என்பதை நோக்க, இப்பதிவுகள் ஏட்டுச்செய்தியாக மட்டும் நின்றுவிடவில்லை.

1959-ஆம் ஆண்டு மழைநாள் ஒன்றில், விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கி இல்லம் சேர்த்தார். அவரும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் அவ்வாறு தொடங்கிய பணியே 1964-இல் புளூ கிராஸ் அமைப்பாகப் பதிவாயிற்று. கொல்வதால் நாய்த்தொகை குறையாது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று அவ்வமைப்பு முப்பது ஆண்டுகள் வலியுறுத்தியது. 1996-இல் சென்னை மாநகராட்சி அதனை ஏற்றது. 2001-இல் இதுவே நாடு தழுவிய விதியாயிற்று. 2023-இல் புதிய விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டு, பதினொரு நாளில் அதனைத் திருத்தி, நோயும் மூர்க்கமும் அற்றவற்றைக் கருத்தடைக்குப் பின் பழைய இடத்திலேயே விடுமாறு கூறியது. எயினர் முற்றமும் அந்தணர் முற்றமும் இன்று ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளாக நிற்கின்றன; வழக்கு முடிந்தபாடில்லை. கடிபட்ட குழந்தையின் பெற்றோரையும் சோறு வைக்கும் முதியவளையும் ஒருசேரக் கேட்காத தீர்ப்பு எதுவும் நிலைக்காது.

இதற்கிடையில் நாட்டு இனங்கள் நலிந்தன. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவை தென்பாண்டிக் கரிசலிலும் மலையடிவாரத்திலும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. 1972-இன் வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்தபின் அவற்றுக்குத் தொழில் போயிற்று. நகரத்தாரோ அல்சேசனையும் பொமரேனியனையும் நாடினர். 1980-களின் தொடக்கத்தில் அரசு சைதாப்பேட்டையில் நாட்டுநாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2005-இல் இராசபாளையம் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. 2017-இல் தியடோர் பாசுகரன் இந்திய நாய்களைப் பற்றித் தனிநூல் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். 2020-இல் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசியப் பணியகத்தின் இனப்பதிவில் ஏறின. பெருமை மீண்டது நன்றே. ஆனால் பெருமைக்காக வாங்கப்படும் இராசபாளையம், வெண்மைக்காகவே பெருக்கப்பட்டதால் பிறவிச் செவிட்டுக்கு ஆளாகும் இனம் என்பதையும், சிப்பிப்பாறை ஓடுவதற்கென்றே அமைந்த உடல் என்பதையும் விற்போர் சொல்வது அரிது.

மாடம்பாக்கம் ஏரியும் வயலும் சார்ந்த சிற்றூராக இருந்து, பேரூராட்சியாகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் கலந்தது. வயல்கள் மனைகளாக, களத்துமேட்டு நாய் இரும்புக் கதவுக்குப் பின்னே வந்தது. வயற்காட்டு நாய்க்குக் கற்பிக்கவேண்டியது சிறிதே. தாயும் மந்தையும் ஊரும் அதற்கு ஆசிரியர். மதில் சூழ்ந்த மனையில் தனித்து வளரும் குட்டிக்கு அவ்வாசிரியர் எவருமில்லை. இன்று நாம் பயிற்சி என்று சொல்வது இவ்விழப்பை ஈடுசெய்யும் முயற்சியே.

பயிற்சி என்னும் சொல்லினும் பழக்குதல் என்னும் பழஞ்சொல்லே பொருத்தமுடையது. 1910-இல் செருமானியர் கொன்ராடு மோஸ்டு எழுதிய பயிற்சி நூல் படைநாய்க்கும் காவல்நாய்க்கும் வழிகாட்டியாயிற்று. கழுத்துப்பட்டையை இழுத்து அடக்கும் முறை அவ்வழியே உலகெங்கும் பரவியது. இம்முறையை இன்றும் இங்குப் பலர் பின்பற்றுகின்றனர். 1965-இல் ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், நீண்டகால ஆய்வுக்குப்பின் வேறொன்றை நிறுவினர். மூன்றாம் கிழமையிலிருந்து ஏறத்தாழப் பதின்மூன்றாம் கிழமை வரையிலான காலத்தில் குட்டி எவற்றோடு பழகுகிறதோ அவற்றையே வாழ்நாள் முழுதும் அஞ்சாது ஏற்கும் என்பது அவர்கள் முடிபு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற பழமொழியை நாய்க்கு உரைப்பதாயின் ஐந்தைத் திங்களாகக் கொள்ளவேண்டும், அதுவும் காலங்கடந்ததே.

இங்கே ஓர் இடர் உண்டு. பார்வோத் தடுப்பூசித் தவணைகள் முடியப் பதினாறு கிழமை ஆகும். அதற்குமுன் தெருவில் நடத்துவது ஆபத்து. பழகும் காலமோ அதற்குள் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே வழி, குட்டியைக் கையில் ஏந்தியே உலகைக் காட்டுவது. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் இரைச்சல், குக்கர் விசில், பால்காரரின் வண்டி, பள்ளிப் பிள்ளைகள், வாசலில் தண்ணீர் தெளிக்கும் ஓசை ஆகிய அனைத்தையும் அதன் செவி மெல்ல மெல்ல ஏற்கவேண்டும். தீபாவளி வெடிக்கு முதன்முறையாக அஞ்சிய குட்டி அடுத்த ஆண்டும் அஞ்சும். எட்டுக் கிழமை நிறையாத குட்டியை விற்கலாகாது என்று 2017-இன் விதிகள் கூறினும், முப்பது நாளில் தாயைப் பிரிந்த குட்டிகள் கூடையில் விற்கப்படுகின்றன. கடியின் அளவைத் தாயும் உடன்பிறப்பும் கற்பிப்பது அந்த இடைப்பட்ட நாள்களில்தான்.

இரண்டு திங்கள் குட்டி சிறுநீரை இரண்டு மூன்று மணிக்குமேல் அடக்காது. உறங்கி எழுந்ததும், உண்டதும், ஆடியதும் வெளியே கொண்டுசென்று, அங்கே கழித்த கணத்திலேயே ஒரு துண்டு உணவு தருவதே வழி. வீட்டில் கழித்ததை மணி நேரம் கழித்துக் கண்டு மூக்கைத் தேய்ப்பதால் அது கற்பது அச்சம் ஒன்றே. நான்கு முதல் ஆறு திங்களில் பல் மாறும்போது செருப்பும் பாயும் கிழியும். எட்டுத் திங்களில் கற்றதெல்லாம் மறந்ததுபோல் நடக்கும். பொறுத்திருந்தால் ஒன்றரை வயதில் தெளியும். தெருவில் கழுத்துப்பட்டையோடு திரியும் நாய்களைக் காண்போர் உற்று நோக்கினால், அவற்றுள் பல இந்த விடலைப் பருவத்தினவாகவே இருக்கும். எஞ்சியவை கிழடுகள்.

முதுமையைப் பற்றி நம் இலக்கியம் பேசியது அரிது என்று முன்னர்க் கூறப்பட்டது. கிரேக்கரின் ஒடிசியில் ஆர்கோசு என்னும் கிழநாய் எருக்குவியலில் உண்ணி மொய்க்கக் கிடக்கிறது. இருபது ஆண்டுக்குப்பின் மாறுவேடத்தில் திரும்பிய தலைவனை இனங்கண்டு, வாலசைத்து, உயிர் விடுகிறது. அவன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறான். தன்னை வெளிப்படுத்தினால் பகைவர் அறிவர். பாரதத்தில் தருமன் உடன்வந்த நாயை விட்டுவிட்டுத் துறக்கம் புக மறுக்கிறான். ஆயின் வில்லிபுத்தூரார் பாரதம் பதினெட்டாம் நாட் போரோடு நின்றுவிடுவதால், அந்நூல்வழி பாரதம் கற்ற தமிழர்க்கு இக்காட்சி கிடைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை எஞ்சிய பருவங்களையும் பாடி நிறைவுசெய்தார். ஆயினும் அவரை ஓதுவோர் குறைவு.

பெரிய இன நாய் ஏழு வயதிலும் சிறியது பத்து வயதிலும் மூப்பு எய்தும். முதலில் தெரிவது எழுந்திருக்கும் தயக்கம். பளபளக்கும் கிரானைட் தரையில் மூட்டு நோவுள்ள நாய் வழுக்கும். ஒரு கயிற்றுப்பாய் விரித்தாலே அது மீண்டும் நடக்கும். சோம்பல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வலியே. மனிதர் உண்ணும் ஐபுபுரூபன் போன்ற வலிமாத்திரையைக் கொடுப்பது சிறுநீரகத்தையும் குடலையும் கெடுத்துக் கொன்றுவிடும். கண்ணில் புரை படரும்போது கட்டிலும் தண்ணீர்க் கிண்ணமும் இடம் மாறாதிருந்தால் நாய் வழி தவறாது. இரவில் காரணமின்றிக் குரைப்பதும், பழகிய மூலையில் வழி தெரியாமல் நிற்பதும் மூளையின் தளர்ச்சி, அடிக்கத்தக்க குற்றமன்று. கத்திரி வெயிலில் விடியலுக்கு முன் சிறு நடை போதும். பல் சொத்தையால் உண்ண மறுப்பதை உணவில் வெறுப்பு என்று எண்ணுவோர் பலர். ஆண்டுக்கு ஒருமுறை குருதிச் சோதனை செய்தால் சிறுநீரகத் தளர்ச்சி முன்னரே தெரியும்.

முடிவில் நோவு மருந்துக்கு அடங்காதபோது மருத்துவர் ஓர் ஊசியால் அமைதியாக முடித்துவைக்கலாம். பலர் இதனைப் பாவம் என்று அஞ்சி, மறுபுறம் கிழநாயை வண்டியில் ஏற்றி ஏரிக்கரையில் இறக்கிவிட்டு வருகின்றனர். வேறொரு நாய்க்கூட்டத்தின் எல்லைக்குள் விடப்பட்ட, கண் மங்கிய நாய்க்கு அங்கே நிகழ்வது என்ன என்பதை அவர்கள் நின்று பார்ப்பதில்லை.

கோவிவனின் பெயரைக் கல் சொல்கிறது, அகவையைச் சொல்லவில்லை. காளியின் அகவையும் தெரியாது. இன்று கால்நடை மருத்துவமனையில் தரப்படும் தடுப்பூசி அட்டையில் நாயின் பெயர், பிறந்த நாள், ஒவ்வோராண்டும் போட்ட ஊசியின் தேதி, எடை ஆகியவை வரிசையாக எழுதப்படுகின்றன. குருளை முதல் முதுமை வரை ஒரு நாயின் வாழ்வு முழுதும் பதிவாகும் ஏடு தொண்டை நாட்டில் அதுவே.